எட்டு அடுக்கில் கரண்ட் நின்றால் எது எப்போது நிற்கும்

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிக் கடந்தபோது நகரத்தின் பெரும்பகுதியில் மின்சாரத்தை நிறுத்திவைத்தார்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது கம்பியில் கரண்ட் ஓடக் கூடாது. நிறுத்தியது சரிதான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. என் வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. பெரும்பாக்கத்தில் இருப்பதுபோல, தரைத்தளமும் அதற்கு மேல் ஏழு மாடியும் கொண்ட பிளாக்கில் கரண்ட் போனால் லிஃப்ட் அந்த நொடியே நிற்கும். குழாயில் தண்ணீர் அன்று சாயங்காலத்துக்குள் நிற்கும். செல்போன் சிக்னல் ராத்திரி தாண்டுவதே கஷ்டம். மறுநாள் கையில் காசு இருக்காது. அதற்கடுத்து மருந்து. இந்த வரிசை ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதே மாதிரிதான் வருகிறது. இது இன்ன நேரத்தில் நிற்கும், அதற்கு முன் இன்னதைச் செய்துவிடு என்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சலும் பணமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் நகரத்துக்குள் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து நிறையக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு வந்தன. வந்து சேர்ந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். ஆற்றங்கரைக் குடிசையில் ஆயிரம் கஷ்டம் இருந்தது. ஆனால் தண்ணீருக்குத் தெருக்கோடியில் அடிபம்பு இருந்தது, வெளியே வர வாசலைத் தாண்டினால் போதும், அடுப்புக்கும் விளக்குக்கும் மண்ணெண்ணெய் இருந்தது. ஏழாவது மாடிக்கு வந்த பிறகு குடிநீர், கழிப்பறை, வெளியே போகிற வழி எல்லாமே ஒரே ஒரு கேபிளை நம்பி இருக்கின்றன. பணக்கார அடுக்ககமும் அப்படித்தான், ஆனால் அங்கே கரண்ட் போன அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் தானாக ஓடும். இங்கே ஓடாது, அல்லது ஜெனரேட்டரே இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

லிஃப்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். கரண்ட் போனால் பக்கத்துத் தளத்துக்கு மெதுவாகக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் ஏஆர்டி என்ற கருவி பெரும்பாலான லிஃப்டுகளில் உண்டு. அது ஓடுவது பேட்டரியில். அந்த பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கருவி இருந்தும் இல்லாததுபோல்தான். சோதிக்க ஒரே வழி, வருடாந்திரப் பராமரிப்புக்கு வரும் மெக்கானிக்கை லிஃப்ட் நடுவழியில் இருக்கும்போது மெயினை அணைத்துக் காட்டச் சொல்வது. காட்டாமல் அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யாராவது மாட்டிக்கொண்டால் கம்பியை விட்டுக் கதவை நெம்பாதீர்கள். லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றிருந்தால் கீழே திறந்த குழி இருக்கும், வெளியே குதிப்பவர் அதில் விழுவார். மெஷின் அறையில் பிரேக்கைத் தளர்த்திக் கையால் நகர்த்தத் தெரிந்தவரோ தீயணைப்புத் துறையோ வரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். லிஃப்டில் காற்று புக இடம் உண்டு, மூச்சு முட்டாது. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாலே பாதிப் பயம் போகும்.

புயல் எச்சரிக்கை வந்தால் லிஃப்டை இரண்டாம் மாடிக்கு மேலே நிறுத்தி மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கீழே விட்டுவைத்தால் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிறைந்து, கீழே இருக்கிற சுவிட்சுகளும் தொங்கும் கேபிளும் நனையும். பிறகு கரண்ட் வந்தாலும் லிஃப்ட் வாரக்கணக்கில் ஓடாது. எச்சரிக்கை வந்த அன்றே இன்னொன்றும் செய்யலாம். மாடி ஏறி இறங்க முடியாதவர் யார் யார் என்று தளவாரியாக எழுதி, பிரசவத் தேதி நெருங்கியவர்களையும் டயாலிசிஸ் செய்பவர்களையும் லிஃப்ட் ஓடும்போதே சொந்தக்காரர் வீட்டுக்கோ மருத்துவமனை பக்கத்துக்கோ அனுப்பிவிட வேண்டும். ஆறாவது மாடியிலிருந்து ஒரு பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் இருட்டில் தூக்கி இறங்குவது எவ்வளவு பயங்கரம் என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். படிக்கட்டில் மழைச்சாரல் அடித்து ஈரமாக வேறு இருக்கும். தரைத்தள வீடு கேட்டு மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் விண்ணப்பிப்பது நியாயம்தான், ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அந்த வீடுதான். ஒன்றாம் மாடி கிடைத்தால் அதுவே உத்தமம்.

அடுத்தது தண்ணீர். இதில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கு தெரியாததால்தான் நாங்கள் அதிகம் தவித்தோம், அதிகம் செலவழித்தோம். தளத்துக்கு 12 வீடு, எட்டுத் தளம், 96 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் என்றால்கூட 19,200 லிட்டர். மேல்தொட்டி 20,000 லிட்டர் பிடிப்பதாக இருந்தால், முழுத் தொட்டி ஒரு நாளைக்குத்தான் வரும். ஆனால் கரண்ட் போன செய்தி பரவியதும் எல்லா வீட்டிலும் குடம், வாளி, டிரம், சமையல் பாத்திரம்வரை பிடித்துவைப்பார்கள். ஒரு நாள் தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடும். தொட்டிக்கு அடுத்தே இருக்கிற மேல்மாடிகளில் அழுத்தம் எப்போதும் குறைவு, அதனால் அங்கே குழாய் நூலாக ஒழுகும்போது கீழே மூன்று மாடியிலும் டிரம் நிரம்பிவிடும். "உங்க வீட்ல தண்ணி வருதாக்கா?" என்று படிக்கட்டில் கேட்டுக்கொண்டே ஆட்கள் ஏறி இறங்குவார்கள். அன்று அங்கே சண்டை வராமல் இருந்தால் அதிசயம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களில் வால்வு இருக்கும். பொறுப்பான ஒருவர் கரண்ட் போன உடனே அவற்றை மூடி, காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று திறந்துவிட்டால் அதே தண்ணீர் இரண்டு மூன்று நாள் வரும். யார் மூடுவது, யாரிடம் மொட்டைமாடிச் சாவி என்பதை முன்பே கூட்டம் போட்டு முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூடுகிறவரைத்தான் அடிக்க வருவார்கள்.

கீழே சம்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், தண்ணீர் இருக்கும், மேலே ஏறாது. அந்தக் கட்டத்தில் எல்லோரும் கேன் தண்ணீர் வாங்க ஓடுகிறார்கள். சாதாரண நாளில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் 20 லிட்டர் கேன் மழைநாளில் நூறு ரூபாய்க்குப் போகும், ஏழாவது மாடிக்குத் தூக்கக் கூலி தனி. 96 வீடும் ஆளுக்கு ஒரு கேன் வாங்கினால் அன்றைக்கே 9,600 ரூபாய் போய்விடுகிறது, கிடைத்தது 1,920 லிட்டர். இப்போது இன்னொரு கணக்கு. சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் 5 எச்பி என்றால், அது ஓட 4 முதல் 5 கிலோவாட் போதும். எட்டு அடுக்கு உயரத்துக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 15,000 லிட்டர் ஏற்றும். ஒரு சிறிய டீசல் ஜெனரேட்டரில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டிலிருந்து மூன்று லிட்டர் டீசல் பிடிக்கும், முந்நூறு ரூபாய்க்குள். வாடகைக்கு வரும் வண்டி ஜெனரேட்டருக்குப் புயல் நாளில் ஐயாயிரம் கேட்டாலும் வீட்டுக்கு ஐம்பத்தைந்து ரூபாய்க்கு மேல் வராது. மொத்தக் கட்டடத்தின் ஏறக்குறைய ஒரு நாள் தண்ணீர் மூன்று லிட்டர் டீசலில் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

இதைச் செய்ய முன்னேற்பாடு வேண்டும். புயல் அன்று ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வயரைக் கடித்துச் சொருகுவது உயிரை எடுக்கும் வேலை. மோட்டார் பேனலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், மெயின், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் மோட்டாரோடு இணைக்கும் 63 ஆம்பியர் நாலு துருவச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றும் ஜெனரேட்டர் கேபிள் இணைக்க ஒரு தொழிற்சாலை வகைச் சாக்கெட்டும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்த வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் முடியும். சேஞ்ச் ஓவர் இல்லாமல் இணைத்தால் ஜெனரேட்டர் கரண்ட் பின்னோக்கிப் போய் ட்ரான்ஸ்பார்மர் வழியாக ஹெச்டி என்கிற உயர் அழுத்த லைனில் ஏறும், அங்கே வேலை செய்யும் லைன்மேன் செத்துப்போவார். ஜெனரேட்டர் அளவும் முக்கியம். மோட்டார், குறைந்த கரண்டில் மெதுவாகக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடினால் 15 கேவிஏ திறன் போதும். நேரடியாகக் கிளம்பும் டிஓஎல் ஸ்டார்ட்டர் என்றால் கிளம்பும்போது ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், 20 அல்லது 25 கேவிஏ சொல்லுங்கள். மோட்டார் ஓடுகிறது ஆனால் தண்ணீர் மந்தமாக வருகிறது என்றால் மூன்று பேஸ் வயர்களின் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது, ஜெனரேட்டரை அணைத்துவிட்டு மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கட்டினால் சரியாகும். ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியிலோ நடைபாதையிலோ வைக்கவே கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, படிக்கட்டு வழியாக ஏழு மாடிக்கும் ஏறும். மோட்டாரைப் போடும் முன் சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கலங்கியோ நாற்றமோ இருந்தால் போடாதீர்கள், போட்டால் மேல்தொட்டியும் கெட்டு இரண்டையும் கழுவ வேண்டிவரும்.

சொந்த ஜெனரேட்டர் இருக்கிற பிளாக்கில் வேறு கதை. அவசரத்துக்கு ஓடாததற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இந்த மூன்றில் ஒன்றுதான்: ஸ்டார்ட் செய்யும் பேட்டரி செத்திருக்கும், டேங்கில் வருடக்கணக்கில் கிடந்த டீசலில் தண்ணீர் சேர்ந்து ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஜெனரேட்டரே தரைமட்டத்தில் இருந்து மூழ்கியிருக்கும். வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம், சும்மா இல்லாமல் மோட்டாரோடு இணைத்து ஓட்டினால் முதல் இரண்டும் முன்பே தெரிந்துவிடும். மூன்றாவதற்கு மேடை கட்டுவதைத் தவிர வழியில்லை.

கழிவுநீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கழிவுநீரேற்று நிலையமும் கரண்டில்தான் ஓடுகிறது. அது நின்றால் மேல்மாடிக்காரர்கள் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் தரைத்தள வீட்டுக் கழிப்பறை வழியாகப் பொங்கும். ஒரு சாக்கில் மணலைக் கட்டிக் கழிப்பறை வாயிலும் குளியலறைத் துவாரத்திலும் அழுத்திவைப்பது தற்காலிகமாக உதவும். மேலே இருப்பவர்கள் தண்ணீர் ஊற்றும் முன் கீழே இருப்பவர்களை நினைக்க வேண்டும், வேறென்ன சொல்ல.

சிக்னல். செல்போன் டவர்களில் பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான். பிறகு டவர் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி வெள்ளத்தில் வர முடியாது. சிக்னல் பலவீனமாகும்போது போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும், அதனால் ஏரோபிளேன் மோடில் போட்டுவைத்து மணிக்கு ஒருமுறை மட்டும் திறங்கள். பேச்சு போகாதபோதும் எஸ்எம்எஸ் போகும். பெரிய பேரிடரின்போது ஒரு நிறுவனத்தின் சிம் வேறு நிறுவனத்தின் டவரில் இயங்கத் தொலைத்தொடர்புத் துறை அனுமதிப்பதுண்டு, அப்போது நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, கிடைக்கிற வேறு பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு ஸ்மார்ட்போனை ஒன்றரை முறை ஏற்றும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பட்டன் போன் ஒன்று வீட்டில் இருந்தால் அதில் ஒரு சிம்மைப் போட்டுவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். வெளிச்சத்துக்கு, உள்ளே பேட்டரி உள்ள எல்இடி பல்பு முந்நூறு ரூபாய் சுமாரில் கிடைக்கும், நான்கு மணி நேரம் வரும். மெழுகுவத்தியைவிட அது நல்லது. சின்ன வீட்டில், திரைச்சீலைக்கும் துணிக்கொடிக்கும் நடுவில், தூங்கிப்போன வீட்டில் மெழுகுவத்தி எரிவது ஆபத்து.

சிக்னல் போனால் யுபிஐயும் போய்விடும், ஏடிஎம்மும் ஓடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது இதையே இன்னும் கொடுமையாகப் பார்த்தோம். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கையில் புது நோட்டு இல்லை, கார்டு தேய்க்கக் கரண்ட் இல்லை. இப்போது எல்லோருமே தேநீருக்குக்கூடப் போனைத்தான் நீட்டுகிறோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் முடிய ஆயிரம் ரூபாயைப் பத்து, இருபது, ஐம்பது நோட்டாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளாக வைத்தால் சில்லறை இல்லை என்று சொல்லி முழுசாக வாங்கிக்கொள்வார்கள், அரை லிட்டர் பாலுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தவர்களைக் கேளுங்கள்.

மருந்தில் முக்கியமானது இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, மருந்து வீண் என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு, அது வேண்டியதில்லை. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம்வரை சாதாரண அறை வெப்பத்தில் கெடாது, உறையில் எழுதியிருக்கும் நாளையும் வெப்ப அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் குளிரில் பிரச்சினையே இல்லை. மே மாதத்தில் கரண்ட் போனால் மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சின்னச் சட்டி வைத்து மருந்தை வைக்கலாம். ஐஸ்கட்டிமேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. நெபுலைசர் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு அதே மருந்தின் பம்ப்பையும் அதன் முன்னால் மாட்டும் ஸ்பேசர் குழாயையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கரண்ட் வேண்டாம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரில் இருப்பவர்களுக்கு நேரமே கிடையாது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரி மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 1,500 லிட்டர் கொண்ட பி வகைச் சிலிண்டர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். எச்சரிக்கை வந்த அன்றே ஒரு சிலிண்டராவது மாடியில் ஏறியிருக்க வேண்டும், லிஃப்ட் நின்ற பிறகு அதை யாரும் தூக்க மாட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக வாங்குகிறவர்கள், மழைக்காலத்தில் அடுத்த மாத மாத்திரையைத் தீரும் முன்பே கேளுங்கள்.

இப்போது எல்லோரையும் எரிச்சல்படுத்தும் கேள்வி: பக்கத்துச் சாலையில் விளக்கு எரிகிறது, எங்களுக்கு ஏன் இல்லை? மேலிருந்து கீழாகத்தான் கரண்டை மீட்டெடுப்பார்கள். முதலில் பெரிய துணைமின் நிலையங்கள், பிறகு 33 கேவி, பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் கரண்ட் கொண்டுபோகும் 11 கேவி ஃபீடர் லைன்கள். அதிலும் மருத்துவமனை, குடிநீர் நிலையம் இருக்கிற ஃபீடருக்கு முன்னுரிமை. கடைசியில்தான் தெரு ட்ரான்ஸ்பார்மரும், தெருவோரத்தில் நின்று வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் பில்லர் பாக்ஸும். பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நின்றால், தண்ணீர் வடிந்து, உள்ளே துடைத்துக் காயவைத்து, சோதித்த பிறகுதான் ஏற்ற முடியும். தாழ்வான இடத்தில் தண்ணீர் கடைசியாக வடியும், ஆகவே கரண்டும் கடைசியாக வரும். இன்வெர்ட்டர் வாங்க முடியாதவர்கள் தாழ்வான இடத்தில் இருக்கிறார்கள் என்பதால் அதிக நேரம் காத்திருப்பவர்களும் அவர்களே. வேண்டுமென்று யாரும் ஒதுக்கவில்லை என்றாலும் முடிவு ஒதுக்கியதுபோலத்தான் இருக்கிறது, அந்த இரண்டாவது ராத்திரியில் அப்படித்தான் மனசுக்கும் படுகிறது.

புகார் சொல்லும்போது "எங்க ஏரியால கரண்ட் இல்ல" என்றால் பயனில்லை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அழைக்கும் முன் மின் இணைப்பு எண், உங்கள் ட்ரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் பெயர் அல்லது எண், ஒரு வீட்டில் இல்லையா, பிளாக்கிலா, அந்த ட்ரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா பிளாக்கிலுமா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா பிளாக்கும் இருட்டு என்றால் கோளாறு ஹெச்டியில். மூன்றில் ஒரு பங்கு வீடு மட்டும் இருட்டு என்றால் ஒரு பேஸ் போயிருக்கிறது, ஃப்யூஸ் போட வயர்மேன் ஒருவர் வந்தால் போதும். இப்படிப் பிரித்துச் சொன்னால் சரியான ஆள் வருவார். புகார் எண்ணைக் குறித்துவைத்து, அடுத்தடுத்து ஐம்பது பேர் அதையே பதியாமல் ஒருவரே தொடர்ந்து கேளுங்கள்.

கரண்ட் திரும்பி வரும் நேரம்தான் ஆபத்தான நேரம், சந்தோஷத்தில் கவனம் போய்விடும். சுவரில் தண்ணீர்க் கறை பிளக் பாயின்ட்டுக்கு மேலே தெரிந்தால் அந்த வீட்டு மெயினைப் போடாதீர்கள், எலெக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். நனைந்த கையோடு, நனைந்த தரையில் நின்று எதையும் தொடாதீர்கள். மெயினைப் போட்டதும் சில வீடுகளில் பல்பு கண்ணைப் பறிக்கிறது, சில வீடுகளில் மங்குகிறது என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். 240 வோல்ட் வர வேண்டிய இடத்தில் முந்நூறுக்கு மேல் போயிருக்கும், டிவியும் ஃபிரிட்ஜும் நிமிடத்தில் போய்விடும். எல்லாச் சாமானையும் பிளக்கிலிருந்து கழற்றி வைத்து, ஒரு பல்பை மட்டும் போட்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுவது நல்லது. தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை அப்படியே போட்டால் காயில் எரிந்துவிடும், ரீவைண்டிங் செய்யப் பல ஆயிரம் ஆகும், வெள்ளத்துக்குப் பின் கடையில் வரிசை வேறு. கழற்றிக் காயவைத்து, காயிலில் கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெக்கர் கருவியில் பார்த்து, ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டினால்தான் இணைக்க வேண்டும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் பேனலில் இல்லையென்றால் இப்போதே போடுங்கள். ஒரு பேஸ் போன நிலையில் ஓடித்தான் பாதி மோட்டார்கள் எரிகின்றன.

சம்பில் வெள்ளநீர் புகுந்திருந்தால் முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆயிரம் லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், தனி வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேல்நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு பயன்படுத்தலாம். பல மாதம் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும், மூக்கில் நெடி ஏறாவிட்டால் அதைப் போட்டுப் பயனில்லை.

பண நஷ்டத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். 2023 புயலுக்கு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள், அது பெரிய உதவி. ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள், பழைய முகவரியிலேயே ரேஷன் கார்டு இருப்பவர்கள் அலைந்தார்கள். முகவரி மாற்றத்தை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். இட்லி மாவு அரைத்து விற்பவர், வீட்டில் மோட்டார் தையல் மெஷின் வைத்திருப்பவர், ஐஸில் மீன் வைத்து விற்பவர் ஆகியோரின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அரைத்த மாவு புளித்தால் போட்ட முதல் போகும், வேலை நடக்காத நாளின் வரவும் போகும். எச்சரிக்கை வந்தால் முதல் நாளே அரைப்பதைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தை அரிசி உளுந்தாகவே வைத்துக்கொள்வது ஒன்றுதான் கையில் இருக்கிற வழி. மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது குறையும்.

புயல் மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடை ராத்திரிகளில் ட்ரான்ஸ்பார்மர் சுமை தாங்காமல் வோல்டேஜ் இறங்கி மின்விசிறி நகரவே நகராது, மோட்டாரும் கிளம்பாது. வெயிலில் சூடேறிய கான்கிரீட்டுக்கு அடியில் மேல்மாடி வீடுகள் விடியும்வரை வெந்துகொண்டிருக்கும். அதே வருடம் செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்ததும் நகரத்தின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் இருண்டன. புயலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வடசென்னையில் அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசிப்பவர்களும் அன்று இருட்டில்தான் இருந்தார்கள்.

செப்டம்பர் மாதத்தில் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை இவை: மேல்தொட்டி வால்வு நன்றாகத் திருகுகிறதா, சேஞ்ச் ஓவர் போட்டாயிற்றா, வாடகை ஜெனரேட்டர்காரர் இருவரிடம் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறோமா, லிஃப்ட் ஏஆர்டி பேட்டரி எந்த மாதம் மாற்றியது, சம்ப் மூடி தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்ந்திருக்கிறதா. நம் குடியிருப்பு நம் பொறுப்பு திட்டத்தில் பதிவு செய்த சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு அரசும் தன் பங்கைத் தருகிறது. சேஞ்ச் ஓவரையும் பிரிவென்டரையும் அந்தப் பணத்தில் போட எழுத்துமூலம் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பொது மீட்டர் பில்லையும் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் லிஃப்ட்டும் மோட்டாரும் ஓடும் பொது மீட்டருக்கு அது கிடையாது. லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கு மேல் போகாத சின்ன அடுக்ககங்களுக்கு 2023இல் பொதுக் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாய் சொச்சத்திலிருந்து 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். லிஃப்ட் உள்ள கட்டடத்துக்கு அந்தக் குறைப்பு பொருந்தாது. நம்மைக் கேட்காமல் எட்டு அடுக்கில் ஏற்றிவிட்டு அதற்கான கட்டணத்தை மட்டும் நம்மிடம் வசூலிப்பது எப்படி நியாயம் என்று ஒவ்வொரு சங்கமும் மனு எழுத வேண்டும். மனுவோடு கடந்த ஆறு பில்லின் நகலையும், கரண்ட் இல்லாத நாட்களில் கேன் தண்ணீருக்கும் ஜெனரேட்டருக்கும் வீட்டுவாரியாக ஆன செலவையும் இணையுங்கள். செலவை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கரண்ட் போன அன்றே திறந்துவிடுங்கள், ரசீதையும் அதிலேயே ஒட்டிவையுங்கள்.